அறிவியல் உண்மையை நெருங்குகிறதா? ஒரு நோட்டுப் போட்டு நீங்களே பார்ப்பது எப்படி

2006, சித்திரை மாதம். கீரனூர்ப் பக்கம் ஒரு ரோடு அகலப்படுத்தும் வேலைக்கு சர்வே. நான் அப்போது சர்வேயர் ஒருவரிடம் உதவிக்கு இருந்தேன். கையில் டோப்போ ஷீட் என்கிற பழைய சர்வே வரைபடத்தின் ஜெராக்ஸ், கூடவே ஒரு கையடக்க ஜிபிஎஸ். ஷீட்டில் ஒரு கிணறு குறித்திருந்தது. அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை ஸ்கேல் வைத்துப் படித்து, கருவியில் ஏற்றி, அது காட்டிய பக்கம் நடந்தோம். "இடம் வந்துவிட்டது" என்று கருவி நின்ற இடத்தில் சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடந்தது. கிணறு நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, பனை வரிசைக்குப் பின்னால் இருந்தது.

அந்த ஷீட்டில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். நான் ஸ்கேல் வைத்ததில் இருக்கக்கூடிய பிசகையும், கருவியின் ஐந்து பத்து மீட்டர் பிசகையும் சேர்த்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை.

"மெஷின் கோளாறுண்ணே" என்றேன். சங்கிலி பிடிக்க வந்த பெரியவர், "மேப்பு வெள்ளக்காரன் காலத்துது சார், அதான் தப்பு" என்றார். சர்வேயர் அண்ணன் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து ஷீட்டை மடியில் விரித்தார். "ரெண்டும் சரிதாண்டா. மேப்பு ஒரு பூமிய நம்பிப் போட்டது. மெஷினு வேற பூமிய நம்பி ஓடுது."

ஷீட்டின் பின்பக்கம் இரண்டு எண் எழுதினார். 6377276. 6378137. பூமத்திய ரேகையில் பூமியின் ஆரம், மீட்டரில். முதலாவது 1830இல் இந்திய சர்வேயை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்டது. நம் பழைய ஷீட்டுகளுக்கு அடிப்படை. இரண்டாவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84. இரண்டுக்கும் 861 மீட்டர் வித்தியாசம். மையப்புள்ளியும் ஒன்றல்ல. அதனால்தான் கிணறு தள்ளிப் போனது.

"விஞ்ஞானிங்க இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு மாத்திச் சொல்லுவாங்க, எதை நம்புறது?" என்று இன்று யாராவது கேட்டால் நான் வாதாடுவதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுக்கச் சொல்கிறேன். இந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது; ஒரு விஷயத்தை எடுத்து அளந்து பார்த்தால் முடியும். எப்படி என்று கீழே எழுதுகிறேன். என் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் பூமியின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"அறிவியல் உண்மையா" என்று நோட்டில் எழுதினால் பக்கம் காலியாகவே இருக்கும். "பூமி துருவத்தில் எத்தனை கிலோமீட்டர் சப்பை" என்று எழுதுங்கள், அதாவது பூமத்திய ரேகை ஆரத்தைவிடத் துருவ ஆரம் எவ்வளவு குறைவு என்று. எண் வரக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம்: எந்த வருஷம், யார், எந்த முறையில் அளந்தார், என்ன வந்தது. முறையை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பின்னால் எல்லாத் தீர்ப்பும் அதில்தான் வந்து நிற்கும்.

என் நோட்டில் இருப்பது இது. 1687இல் நியூட்டன் எதையும் அளக்காமல் கணக்குப் போட்டார். பூமி சுழல்கிறது, உள்ளே எங்கும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு ஆரத்தில் 1/230 பங்கு சப்பை என்றார். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 28. பிரான்சில் காசினி குடும்பத்தார் தங்கள் நாட்டை அளந்துவிட்டு, இல்லை, பூமி துருவப் பக்கம் நீண்டிருக்கிறது என்றார்கள். சண்டையைத் தீர்க்க பிரெஞ்சு அகாடமி 1735இல் ஒரு குழுவை இன்றைய ஈக்வடார் பகுதிக்கும், 1736இல் மோப்பர்தியூய் தலைமையில் இன்னொரு குழுவை ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்துக்கும் அனுப்பியது. லாப்லாந்துக் குழுவின் கணக்கில் வந்தது 1/178, அதாவது சுமார் 36 கிலோமீட்டர்.

அதன் பிறகு வருபவை: 1830 எவரெஸ்ட், 21.2 கிலோமீட்டர். 1880 கிளார்க், 21.7. 1909இல் ஹேஃபோர்ட் போட்டு 1924இல் சர்வதேச அளவாக ஏற்றது, 21.5. 1940 கிராசோவ்ஸ்கி, 21.38. டபிள்யூஜிஎஸ் 84, 21.385.

28, 36, 21.2, 21.7, 21.5, 21.38, 21.385. இதை ஒரு வரியாக எழுதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஏறி இறங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம்

நேராக ஒரே பக்கம் போகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இங்கேதான் நம்பிக்கை ஆடும். 36 என்று அளந்த குழு நேரில் போய்ப் பனியில் நின்று அளந்தது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட நியூட்டனைவிட அவர்கள் அதிகமாகத் தவறினார்கள். 1801 முதல் 1803 வரை ஸ்வான்பெர்க் அதே லாப்லாந்தில் திரும்ப அளந்தபோதுதான் பழைய அளவில் எவ்வளவு பிசகு என்று தெரிந்தது. ஆனாலும் சண்டைக்குரிய கேள்விக்கு அந்தக் குழு சொன்ன பதில் சரி: பூமி நீண்டதல்ல, சப்பை. திசை சரி, அளவு தப்பு. நோட்டில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். பத்திரிகையில் "பழைய ஆய்வு பொய்த்தது" என்று வருகிற செய்திகளில் பாதி இந்த வகைதான்.

ஆரத்தையும் இதேபோல் போட்டுப் பாருங்கள். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் எவரெஸ்ட் 861 மீட்டர் குறைவு. 1841இல் பெசல் 740 குறைவு. 1866இல் கிளார்க் 69 மட்டும் கூடுதல். 1880இல் அதே கிளார்க் 112 கூடுதல். ஹேஃபோர்ட் 251 கூடுதல். 1866இல் கிட்டே வந்துவிட்டு, பிறகு நாற்பது வருஷம் விலகிப் போயிருக்கிறார்கள். அந்த நாற்பது வருஷத்துக்குள் வாழ்ந்த ஒருவருக்குத் தாம் விலகிப் போகிறோம் என்று தெரிய வழியில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. "புதுசு என்றாலே மேல்" என்று சொல்கிறவரும், "மாறுவதால் எல்லாம் சும்மா" என்று சொல்கிறவரும் இந்த வரிசையை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

கடைசி எண்ணை உண்மை என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மேலே நான் செய்ததே அதுதான், கவனித்தீர்களா? கடைசி எண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டு பழையவற்றின் பிசகைச் சொன்னேன். அப்படிச் செய்தால் எந்தக் காலத்திலும் கடைசி ஆள்தான் ஜெயிப்பார். இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றை எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போங்கள்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத முறைகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள்.

1672இல் ரிஷே என்பவர் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு குறைவு என்பதால் ஊசல் மெதுவாக ஆடியது. ஈர்ப்பு எவ்வளவு மாறுகிறதோ அதிலிருந்து பூமி எவ்வளவு சப்பை என்று கணக்கிடலாம் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளேரோ 1743இல் காட்டினார். அது ஒரு முறை. சங்கிலி பிடித்துத் தரையை அளப்பது இரண்டாவது. நிலாவின் ஓட்டத்தில் தெரியும் சின்ன ஆட்டத்திலிருந்து கணக்கிடுவது மூன்றாவது. 1957க்குப் பிறகு செயற்கைக்கோள்கள் வந்தன. பூமியின் பெருத்த நடுப்பகுதி இழுப்பதால் அவற்றின் பாதை திரும்பிக்கொண்டே போகும், அதை அளந்தால் சப்பை தெரியும்.

ஊசலுக்கும் சங்கிலிக்கும் நிலாவுக்கும் ஒரு கூட்டும் கிடையாது. சங்கிலி வெயிலில் நீளும்; ஊசலுக்கு வேறு நோவு. ஒரே வகைப் பிசகு எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ள முடியாது. அப்படியும் எல்லாம் 1/298ஐ, அதாவது சுமார் 21.4 கிலோமீட்டரைச் சுற்றியே வந்து நிற்கின்றன. நோட்டில் முறைக்கு ஒரு பத்தி விடச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் வரிசையில் பத்து எண் இருந்து, பத்தும் ஒரே முறையில் வந்திருந்தால், அதைப் பத்துச் சாட்சி என்று எண்ண வேண்டாம்.

கருவியின் நோவை நேரில் பாருங்கள்

சங்கிலி வெயிலில் நீளும் என்றேன். இதைப் படித்தால் போதாது, கையால் பார்க்க வேண்டும். 30 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்றைக் காலை ஆறு மணிக்கு இரண்டு ஆணிக்கு நடுவே பிடித்து, படிக்கிற அளவை எழுதுங்கள். உச்சி வெயிலில் அதே இழுவிசையில் மறுபடி பிடியுங்கள். டேப் 10 டிகிரி சூடானால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நீண்ட டேப் தூரத்தைக் குறைத்துக் காட்டும். மே மாதத் தார் ரோட்டில் டேப்பைப் போட்டு வைத்தால் 10 டிகிரியோடு நிற்காது.

இப்போது இந்தியாவை முக்கோணங்களாக அளக்கத் தொடங்கிய லாம்டனை நினைத்துப் பாருங்கள். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு, அதாவது முக்கோணங்களுக்கு ஆதாரமான முதல் கோடு, அளக்க ஆரம்பித்தார். கையில் நூறடி ஸ்டீல் சங்கிலி. ஏழரை மைலுக்கு அதை நானூறு தடவை வைக்க வேண்டும். வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 10 டிகிரிக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிசகும். வெப்பமானி வைத்துக்கொண்டு, மரப் பெட்டிகளில் சங்கிலியைத் தாங்கி, ஒவ்வொரு முறையும் திருத்தம் எழுதினார்கள். அந்தக் கோட்டில் ஆரம்பித்துத்தான் தெற்கிலிருந்து இமயம் வரைக்கும் முக்கோணம் முக்கோணமாகக் கட்டினார்கள். 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் படிக்கும் வட்டமே நெளிந்துபோனது. லாம்டன் உட்கார்ந்து, நெளிவை எடுத்து, திரும்ப வேலைக்குக் கொண்டுவந்தார். பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் விமானத்தை அண்ணாந்து பார்த்து இதை நினைத்துக்கொள்வேன். வந்த எண் தப்பா சரியா என்று பேசுவதற்கு முன்னால், அந்த எண்ணுக்கு எவ்வளவு பேர் எவ்வளவு கவனம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வது நம் கடமை.

மிச்சத்தைத் தூக்கி எறியாதீர்கள்

சர்வேயில் டிராவர்ஸ் போட்டு, அதாவது புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே போய், ஆரம்பித்த புள்ளிக்கே திரும்பி வந்தால், எப்போதும் கொஞ்சம் மூடாமல் நிற்கும். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தால் பங்கிட்டுவிடுவோம். அதைத் தாண்டினால் பங்கிடக் கூடாது. எங்கே தப்பு என்று தேட வேண்டும். அறிவியலிலும் உண்மை வெளியே தலை நீட்டுகிற இடம் இந்த மிச்சம்தான்.

எவரெஸ்ட் காலத்து அளவையில் மத்திய இந்தியாவின் கலியாண்பூருக்கும் வடக்கே கலியானாவுக்கும் இடையே அட்சரேகை வித்தியாசத்தை இரண்டு வழியில் கண்டார்கள். முக்கோண அளவையில் ஒன்று, நட்சத்திரம் பார்த்து ஒன்று. இரண்டுக்கும் 5.236 விகலை ஒத்துவரவில்லை (ஒரு டிகிரியில் 3600 விகலை). தரையில் சுமார் 160 மீட்டர். பிராட் என்ற கல்கத்தா ஆர்ச்டீக்கன், கணிதம் படித்தவர், இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதால் இது வந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். மேஸ்திரி கையில் இருக்குமே, அதே தூக்குக்குண்டுதான். நட்சத்திரம் பார்க்கும் கருவிக்கும் நேர்குத்து அதிலிருந்துதான் வரும். கணக்கில் வந்ததோ 15.885 விகலை. மலையின் எடைக்குக் கண்டதைவிட மூன்று மடங்கு இழுத்திருக்க வேண்டும், இழுக்கவில்லை.

இப்போது மிச்சம் கூடிவிட்டது, விளக்கம் தோற்றுவிட்டது என்று அவர் தாளைக் கிழித்திருக்கலாம். 1855இல் பிராட் இதை வெளியிட்டார். அதே வருஷம் ஏரி என்ற வானியலாளர், மலைக்கு அடியில் லேசான பாறை வேராக இறங்கியிருக்கிறது, தண்ணீரில் கட்டை மிதப்பதுபோல மலை மிதக்கிறது என்றார். பிராட் பிற்பாடு, வேர் அல்ல, அடர்த்திதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றார். இன்று நிலநடுக்க அலைகளை வைத்துப் பார்க்கும்போது இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் பூமியின் மேலோடு 70 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்திருப்பது தெரிகிறது. ஏரி சொன்னதற்குப் பக்கத்தில். கடலடி மலைத்தொடர்களுக்கு பிராட்டின் வழி நன்றாகப் பொருந்துகிறது. ஒரு சர்வே ஒட்டாமல் விட்ட 160 மீட்டரில் இமயத்தின் வேர் தெரிந்தது.

மிச்சம் உண்மையாக இருந்து விளக்கம் பொய்யாகவும் போகலாம். யுரேனஸின் ஓட்டத்தில் பிசகு கண்ட வானியலாளர் லெவெரியே, அதை வைத்து நெப்டியூன் இருக்கும் இடத்தைச் சொன்னார். 1846இல் அங்கே கண்டார்கள். 1859இல் புதனின் ஓட்டத்திலும் பிசகு கண்டு, அதே தைரியத்தில் சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. அப்படி ஒரு கோள் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை அந்தப் பிசகை, நூற்றாண்டுக்கு 43 விகலையை, கோள் எதுவும் இல்லாமலே கொடுத்தது. ஆகவே நோட்டில் "பிசகு" என்றொரு பத்தி, "விளக்கம்" என்று தனியாக ஒரு பத்தி. இரண்டையும் ஒட்டிப் போடாதீர்கள். கோள் அழிந்தது, 43 விகலை அப்படியே நிற்கிறது.

பழையது எங்கே வேலை செய்தது என்று புதியது சொல்கிறதா?

எவரெஸ்ட் அளவு உலகத்துக்கு 861 மீட்டர் குறைவு. ஆனால் இந்தியாவில் எடுத்த அளவுகளை வைத்துப் போட்டதால் இந்தியாவுக்கு நன்றாக ஒட்டும். அதை வைத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஊர், கால்வாய், ரயில் எல்லாம் போட்டோம். எதுவும் இடிந்து விழவில்லை. உலகம் முழுவதையும் ஒரே கணக்கில் பார்க்கத் தொடங்கியபோதுதான் அது போதாமல் போனது. இன்றைய முறை, "இந்த எல்லைக்குள் பழையது சரி, இவ்வளவு மாற்றினால் என்னிடம் வரலாம்" என்று மாற்றுக் கணக்கையே கையில் கொடுக்கிறது. கிணற்றடியில் அண்ணன் "ரெண்டும் சரி" என்று சொன்னதற்கு அர்த்தம் அதுதான். நியூட்டனுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் இடையே இருப்பதும் இதே உறவு. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையைவிட நாளுக்கு சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தும். அதற்குள் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். அதனால் ஐன்ஸ்டைன் வேண்டும். ரோட்டுக்குக் கல் நட நியூட்டனே போதும்.

புதியது பழையதின் வெற்றியை விளக்காமல் திட்ட மட்டும் செய்தால் சந்தேகப்படுங்கள்.

எண் வராத விஷயங்களில் இந்த முறை தடுமாறும், அதையும் சொல்லிவிடுகிறேன். மலைகள் எப்படி வந்தன என்பதற்கு, பூமி குளிர்ந்து சுருங்கியதால் காய்ந்த பழத்தோல் மாதிரி விழுந்த சுருக்கம் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 1912இல் வேகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில்தான் பூமியின் மேலோடு நகரும் தட்டுகளால் ஆனது என்ற தட்டுக் கொள்கை நிலைபெற்றது. இதில் முதலாவது இரண்டாவதற்கு எவ்வளவு "கிட்டே" என்று எப்படி அளப்பது? தத்துவவாதி கார்ல் பாப்பர் 1963இல் உண்மைக்கு நெருக்கம் என்பதற்கு இலக்கணம் எழுதிப் பார்த்தார். 1974இல் டிக்கியும் மில்லரும் தனித்தனியாக அதில் ஓட்டை கண்டார்கள்: அந்த இலக்கணப்படி, தப்பான கொள்கை ஒன்று இன்னொரு தப்பான கொள்கையைவிட உண்மைக்கு நெருக்கம் என்று சொல்லவே வழியில்லை. ஆகவே கதையை விட்டு, கதைக்குள் இருக்கும் அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுருங்கும் பூமி போனாலும் மலையின் உயரமும் பாறையின் மடிப்பும் போகவில்லை; புதுக் கொள்கை அவற்றையெல்லாம் தூக்கிச் சுமந்துதான் ஆக வேண்டும்.

பொருளே மாறுகிறதா என்றும் பாருங்கள்

சப்பை உருண்டை என்பதும் முடிவல்ல. கடல் மட்டத்தைத் தரைக்கு அடியிலும் நீட்டிப் பார்த்தால் வரும் வடிவம் மேடும் பள்ளமுமானது. அந்தப் பள்ளங்களில் ஆழமானது நமக்குப் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது: 106 மீட்டர். 1948இல் வெனிங் மைனெஸ் கப்பலில் ஈர்ப்பை அளந்து கண்டது. நாகப்பட்டினம் கடற்கரையில் டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ்ஸை வைத்து, திருத்தம் போடாத உயரத்தைப் படித்தால் மைனஸ் தொண்ணூறு மீட்டர் அளவில் காட்டும். கால் நனைகிற இடத்தில் நின்றுகொண்டு அந்த எண்ணைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் உறைக்கும். அந்தப் பள்ளம் ஏன் என்பதற்கு 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர், ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து எழும் சூடான பாறை என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தின் அளவில் சண்டை இல்லை, காரணத்தில்தான் சண்டை. எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கடைசியாக, எண் மாறினால் அறிவுதான் மாறியது என்று முடிவு கட்டாதீர்கள். இந்தியத் தட்டு வருஷத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. நான் 2008இல் ஒரு பாலத்துக்காக நட்ட கல்லை 2023இல் போய் மறுபடி அளந்தேன். கல் அசையவில்லை, சுற்றியுள்ள சிமெண்டில் விரிசல்கூட இல்லை. தட்டோடு நகராத உலகச் சட்டகத்தில் கணக்குப் போட்டதும் முக்கால் மீட்டர் வடகிழக்கே தள்ளி வந்தது. பழைய நோட்டில் தேதி எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் முதல் அளவை அடித்துத் திருத்தியிருப்பேன். அதனால் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் நாள், மாதம், வருஷம், கருவியின் பெயர், அன்றைய வெயில் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பென்சிலில் வேண்டாம், பேனாவில்.